நேர்த்தி தவறினால் அம்மாள் பிள்ளையை எடுப்பாளா?

நந்திக்கடல்கரை:
கன நாளாக மனதில் கிடக்கிற கேள்வி. எங்கள் ஊர் முள்ளியவளை. தம்பிக்குச் சின்னனில் முட்டு வருத்தம், இரவில் நெஞ்சு இழுத்து நித்திரையே கொள்ள மாட்டான். சுகமானால் வைகாசிப் பொங்கலுக்குப் பானை வைத்துப் பொங்குவேன் என்று அம்மா வற்றாப்பளை அம்மாளுக்கு நேர்த்தி வைத்து, ஒரு ஐந்து ரூபாய்க் குற்றியை மஞ்சள் துணியில் முடிந்து சாமிப்படத்துக்குக் கீழே வைத்தா. அவனுக்குச் சுகம் வந்தது. 2008 வைகாசியில் அம்மாவுக்குக் கடும் காய்ச்சல், எழும்பவே முடியவில்லை, வாற வருசம் செய்வோம் என்று விட்டாச்சு.

பிறகு போரில் நடந்தது எல்லாருக்கும் தெரியும். இடம்பெயர்ந்து வந்த வழியெல்லாம் சட்டி பானை, உடுப்புப் பை என்று ஒவ்வொன்றாக விட்டு வந்தோம், அந்த முடிச்சை மட்டும் அம்மா சேலைத் தலைப்பில் கட்டியே வைத்திருந்தா. 2009 ஏப்ரலில் பொக்கணையில், பாதுகாப்பு வலயம் என்று அறிவித்த இடத்தில்தான், பங்கர் வாசலில் நின்ற தம்பிக்குச் செல் துண்டு பட்டது. ஏழு வயது.

முகாமில் வைத்து அம்மம்மா ஒருநாள் சொன்னா, "நேர்த்தியைக் கடத்தினாய், அம்மாள் எடுத்திட்டா" என்று. அம்மம்மா இப்போது இல்லை. ஆனால் அம்மா அதை இன்னும் நம்புகிறா, அன்றிலிருந்து பயத்தில் வற்றாப்பளைப் பக்கமே போவதில்லை. போன மாதம் பக்கத்து வளவு அக்கா, ஜெபக்கூட்டத்துக்குப் போகிறவ, ஆறுதல் சொல்ல வந்து, விக்கிரகத்தை வணங்கிக் கடவுளின் கட்டளையை மீறினதால் வந்த தண்டனை, மூன்றாம் நாலாம் தலைமுறை வரைக்கும் விடாது என்றா. அம்மா அதற்கும் தலையாட்டினா. எனக்கு அதுதான் தாங்கவில்லை. நீதியுள்ள கடவுள் என்றால் தாய்க்கு வந்த காய்ச்சலுக்குப் பிள்ளையைத் தண்டிப்பாரா?

மடுவீதி:
தங்கச்சி, நான் கத்தோலிக்கன், அந்த அக்கா சொன்னதற்கு என்னால் பதில் சொல்ல முடியும். மூன்றாம் நாலாம் தலைமுறை என்பது பத்துக் கட்டளைகளோடு வருகிற வசனம், உண்மைதான். ஆனால் அதே வேதாகமத்தில் எசேக்கியேல் 18ஆம் அதிகாரத்தையும் வாசிக்கச் சொல்லுங்கள், தகப்பனின் அக்கிரமத்தை மகன் சுமக்க மாட்டான் என்று பச்சையாகவே எழுதியிருக்கிறது. பிறவிக் குருடனைக் காட்டி, இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்டபோது இயேசு இரண்டும் இல்லை என்றார். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததைச் சொல்லி, அவர்கள் எருசலேமில் இருந்த மற்ற எல்லாரையும் விடப் பெரிய குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டதும் அவர்தான். செத்தவனின் வீட்டில் போய்ப் பாவக் கணக்குப் பார்க்க எங்களுக்கு அவர் அனுமதி தரவில்லை.

இன்னொன்று. 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கி, மடுக் கோயிலில் இருந்த மாதாவின் திருச்சொரூபத்தையே தேவன்பிட்டிக்குக் கொண்டு போக வேண்டி வந்தது, ஓகஸ்டில்தான் திரும்பி வந்தா. மாதா எந்தக் கட்டளையை மீறினா என்று அந்த அக்காவிடம் கேளுங்கள்.

ஒட்டுசுட்டான் வாத்தியார்:
சைவ சித்தாந்தம் படிப்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இறைவன் தண்டிப்பதே இல்லை என்று எங்கள் சாத்திரம் சொல்லவில்லை. சொல் கேளாத பிள்ளையைத் தாய் தகப்பன் உறுக்கி, வளாரால் அடிப்பதும் பரிவினால்தான், ஈசனின் கோபமும் அப்படிப்பட்டது என்று சிவஞான சித்தியார் சொல்கிறது. மறக்கருணை என்பது அதைத்தான். முப்பது வருசம் இதை வகுப்பில் சொன்னேன். 2009க்குப் பிறகு அந்த இடம் வந்தால் தொண்டை அடைக்கும், ஏனென்றால் வளாரால் அடிப்பது பிள்ளை திருந்துவதற்கு, அடிபட்ட பிள்ளை உயிரோடு இருந்தால்தானே திருந்தும். அதுவும் அடி விழுந்தது குற்றம் செய்ததாகச் சொல்லப்படுகிறவர் மேல் இல்லையே. ஆகவே உங்கள் தம்பியின் சாவுக்கு அந்தப் பாட்டைப் பொருத்துகிறவர்கள் பாட்டைப் பிழையாகப் படிக்கிறார்கள். முன்வினை என்றும் சிலர் சொல்வார்கள். பெற்ற தாயின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

பாலைமரம்:
வாத்தியாரும் மடு அண்ணையும் கோபிக்க வேண்டாம். தண்டிக்காத கடவுள் எனக்குத் தேவையில்லை. நானும் பிள்ளையைக் கொடுத்தவன். ஒரு நீதிமன்றமும் இன்றைக்கு வரைக்கும் என்னைக் கூப்பிட்டு என்ன நடந்தது என்று கேட்கவில்லை, மேலே ஒருத்தன் கேட்பான் என்ற நம்பிக்கையில்தான் காலையில் எழும்புகிறேன். ஆனால் அவன் கேட்க வேண்டியது செல் அடித்தவனை. பானை வைக்காத மனுசியை ஏன் கேட்கிறான்? சொல்வழி கேளாமை வேறு, கொலை வேறு. இரண்டையும் ஒரே தராசில் போடுகிற கடவுளை நான் எப்படி நீதி உள்ளவன் என்பது?

கேப்பாப்புலவு:
எல்லாரும் கடவுளைப் பற்றிக் கதைக்கிறீர்கள், அம்மாளைப் பற்றி ஒருத்தரும் கதைக்கவில்லை. வற்றாப்பளையில் இருக்கிறது யார்? கண்ணகி. விசாரிக்காமல் கொடுத்த தண்டனையால் புருசனை இழந்து, தேரா மன்னா என்று பாண்டியனின் முகத்துக்கு நேரே சொன்னவள். அப்படிப்பட்டவள் காய்ச்சலா கள்ளமா என்று விசாரிக்காமல் ஒரு பிள்ளையை எடுப்பாளா? மதுரையை எரித்த அந்தக் கோபத்திலும் முதியோரையும் குழந்தைகளையும் தொடாதே என்று தீக்குச் சொல்லித்தான் ஏவினாள், சிலப்பதிகாரத்தில் இருக்கிறது.

எங்கள் கோயில் கதையையும் அம்மாவுக்கு நினைவுபடுத்துங்கள். கிழவியாக வந்து நந்திக்கடல் கரையில் மாடு மேய்த்த சிறுவர்களிடம் விளக்கேற்றச் சொன்னாள், எண்ணெய் இல்லை ஆச்சி என்றார்கள். அவள் கோபிக்கவில்லை. கடல் தண்ணீரை அள்ளி வந்து ஏற்றுங்கள் என்றாள். இன்றைக்கும் பொங்கலுக்கு உப்புநீரில்தான் விளக்கு எரிகிறது. இல்லை என்று வந்த பிள்ளைகளுக்கு வழி காட்டினவள் அவள். உங்கள் அம்மாவிடம் அந்த வருசம் இல்லாமல் போனது தெம்புதான்.

நந்திக்கடல்கரை:
எல்லாருக்கும் நன்றி. பாலைமரம் அண்ணை, உங்கள் பிள்ளையையும் நினைத்துக்கொள்கிறேன். நேற்று இரவு அம்மாவுக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். மடு, சித்தியார் எல்லாவற்றையும் பேசாமல் கேட்டுக்கொண்டு இருந்தா. தீக்குச் சொன்ன இடம் வந்ததும் திரும்ப வாசிக்கச் சொன்னா, வாசித்தேன். கொஞ்ச நேரம் முடிச்சைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டு இருந்துவிட்டு, "குழந்தை எண்டால் எத்தினை வயசு மட்டும்? ஏழும் அதுக்குள்ள வருமோ?" என்று கேட்டா.

வரும் என்று சொன்னேன்.