அப்பா காருக்கு அடியில் சிவப்பு எண்ணெய்

குழு: அருப்புக்கோட்டை குடும்பம்

திங்கள்

செந்தில்: (படம்) இன்று காரைத் துடைக்கப் போனேன். அடியில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பாகச் சொட்டிக் கிடக்கிறது. வெள்ளிக்கிழமை சிவராத்திரிக்குக் குலதெய்வம் கோயிலுக்கு இதில்தானே போவதாக இருந்தோம்?

விஜயா அத்தை: ஐயோ, ரத்தமா?

செந்தில்: எண்ணெய் அத்தை

பாண்டி மாமா: அன்றைக்கே விற்றிருக்கலாம்

கவிதா: மாமா, காலையிலேயே வேண்டாம்

முருகேசன் சித்தப்பா: ஸ்டார்ட் செய்தாயா?

செந்தில்: இல்லை சித்தப்பா

முருகேசன் சித்தப்பா: நல்லது, தொடாதே. முதலில் அது என்ன எண்ணெய் என்று பார். எஞ்சின் ஆயில் கறுப்பாகவோ பழுப்பாகவோ இருக்கும். எஞ்சினைக் குளிர வைக்கும் கூலன்டிலும் சிவப்பு உண்டு, ஆனால் தண்ணீர் மாதிரி ஓடும். வழவழவென்று சிவப்பாக இருந்தால் கியர்பாக்ஸ் ஆயில். கருகிய வாடை வருகிறதா என்றும் முகர்ந்து பார். நம் வண்டி ஆட்டோமேட்டிக். அண்ணனுக்கு இடது முழங்கால் ஆபரேஷன் ஆன பிறகு கிளட்ச் மிதிக்க முடியாது என்றுதான் 2006-ல் இதை வாங்கினோம். சாதாரண கியர்பாக்ஸில் ஆயில் பல்சக்கரம் தேயாமல் காப்பதோடு சரி. இதில் ஆயிலின் அழுத்தம்தான் கியரையே மாற்றுகிறது. ஆயில் குறைந்தால் எஞ்சின் கத்தும், வண்டி நகராது. அதோடு ஓட்டினால் சூடேறி உள்ளே எல்லாம் கருகிவிடும். இப்போது பார்த்தால் சீல், அதாவது ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம், அதன் செலவோடு போகும், விட்டால் கியர்பாக்ஸ் செலவு.

தீபன்: 👍

செந்தில்: வழவழப்புதான். வாடை இல்லை

விஜயா அத்தை: பொங்கல் வைக்கும் பெரிய உருளி யார் வீட்டில் இருக்கிறது?

பாண்டி மாமா: கவிதா கல்யாணத்துக்கு எடுத்தது

கவிதா: மறுவாரமே திருப்பி அனுப்பிவிட்டேன்

விஜயா அத்தை: எங்கள் வீட்டுக்கு வரவில்லை

முருகேசன் சித்தப்பா: செந்தில், பவர் ஸ்டீயரிங்கிலும் இதே சிவப்பு எண்ணெய் ஊற்றும் வண்டிகள் உண்டு. அதனால் இடம் தெரிய வேண்டும். ராத்திரி பெரிய அட்டையை அடியில் விரித்து வை. முன்சக்கரத்துக்கு உள்பக்கம் விழுந்தால் டிரைவ் ஷாஃப்ட் சீல், கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டில் இருப்பது. கியர்பாக்ஸுக்கு நேர் கீழே என்றால் பான் கேஸ்கட், அடித்தட்டின் ஓரத்து அடைப்பு. ரேடியேட்டர் பக்கம் என்றால் கூலர் ஹோஸ், ஆயிலைக் குளிர வைக்கக் கொண்டுபோகும் குழாய்.

பாண்டி மாமா: நம் தெருவில் வேன் இருக்கிறது. 14 பேர் உட்காரலாம். சொல்லட்டுமா?

அம்மா: எனக்கு வேன் வேண்டாம்

பாண்டி மாமா: அக்கா, நடுவழியில் நின்றால்?

அம்மா: அவர் ஓட்டின வண்டி. ஒரு நாளும் நின்றதில்லை

செவ்வாய்

செந்தில்: (படம்) இடது முன்சக்கரத்துக்கு உள்பக்கம் இரண்டு சொட்டு. வேறு எங்கும் இல்லை

முருகேசன் சித்தப்பா: டிரைவ் ஷாஃப்ட் சீல்தான் தம்பி. வண்டி ஓடாமல் நின்றால் ரப்பர் காய்ந்து இறுகிவிடும். எத்தனை மாதமாக நிற்கிறது?

செந்தில்: ஏழு

கவிதா: மாதம் இரண்டு தடவை எடு என்று எத்தனை முறை சொன்னேன்

செந்தில்: நானும் ஒரு ஆள்தானே கவி

அம்மா: இரண்டு பேரும் நிறுத்துங்கள்

செந்தில்: இங்கே ஒர்க்‌ஷாப்பில் ஒரு பாட்டில் ஊற்றினாலே லீக் நின்றுவிடும் என்கிறார்கள் சித்தப்பா

முருகேசன் சித்தப்பா: வேண்டாம். அந்த மருந்து ரப்பரை ஊத வைக்கும், கொஞ்ச நாளைக்கு நிற்கும், அவ்வளவுதான். மதினியை வைத்துக்கொண்டு அருப்புக்கோட்டை தாண்டிப் போகிறோம். சீலையே மாற்று. ஒர்க்‌ஷாப்புக்குக் கயிறு கட்டி இழுத்துப் போகாதே. எஞ்சின் ஓடாமல் முன்சக்கரம் உருண்டால் உள்ளே பம்ப் ஆயிலைத் தள்ளாது, வறண்டு தேயும். முன்சக்கரத்தைத் தூக்கும் வண்டியோ, முழுக்க ஏற்றும் லாரியோ கூப்பிடு. சீல் போட்ட பிறகு அளவு பார்த்து ஊற்ற வேண்டும், கூடினாலும் கெடுதல். சில வண்டியில் எஞ்சின் ஓடும்போது பார்க்க வேண்டும், சிலதில் நிறுத்திய உடனே. டாஷ்போர்டில் புத்தகம் இருக்கும், அதில் என்ன ஆயில் என்றும் போட்டிருக்கும். அதையே வாங்கு.

கவிதா: செலவு நான் தருகிறேன்

செந்தில்: பார்த்துக்கொள்ளலாம்

செந்தில்: புத்தகம் கிடைத்தது. பின் அட்டையில் அப்பா எழுதியிருக்கிறார். ‘12.3.2018 கியர் ஆயில் மாற்றியது, 58,140 கி.மீ.’ அதற்குக் கீழே ஒன்றும் இல்லை

அம்மா: படம் போடு

செந்தில்: (படம்)

அம்மா: ‘மாற்றியது’ என்பதில் றகரத்தை எப்போதும் இப்படித்தான் சுழிப்பார்

விஜயா அத்தை: அண்ணன் கையெழுத்து 🙏

கவிதா: அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடாதே செந்தில்

முருகேசன் சித்தப்பா: நாளைக் காலையில் லாரி. நானும் ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறேன், பக்கத்தில் நின்று பார்த்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். வியாழன் சாயங்காலம் ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு அட்டையை விரிப்போம். காய்ந்திருந்தால் வெள்ளிக்கிழமை மதினி இதில் வரட்டும்.

பாண்டி மாமா: அப்போ வேனுக்கு அட்வான்ஸ் கொடுக்கவா, வேண்டாமா?

செந்தில்: வியாழன் ராத்திரி வரை பொறுங்கள் மாமா

பாண்டி மாமா: வேன்காரர் அதுவரை பொறுக்க மாட்டார்

விஜயா அத்தை: சரி, அந்த உருளி?