வளர்ந்த பூனைகள் தமக்குள் "மியாவ்" சொல்வதே இல்லையாம்!

செம்பூர் சேகரன்:
மும்பைத் தமிழர்களின் இந்தப் பூனை வளர்ப்புக் குழுவில் மாட்டுங்கா மீனாட்சி அம்மையார் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. "வளர்ந்த பூனைகள் தமக்குள் மியாவ் என்று கத்துவதே இல்லை, மனிதர்களிடம் மட்டுமே கத்துகின்றன" என்று, பூனைகளே நேரில் வந்து வாக்குமூலம் கொடுத்ததைப் போல அறுதியிட்டு எழுதியிருக்கிறார். எங்கள் குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடத்தில் பூனைக் கூட்டம் ஒன்று திரிகிறது. நள்ளிரவில் அவை போடும் கூச்சல் நான்காம் மாடி வரை கேட்கிறது. அந்த நேரத்தில் கீழே காவலாளிகூட விழித்திருப்பதில்லை. அப்படியானால் அவை யாரை அழைக்கின்றன? என்னையா?

மாட்டுங்கா மீனாட்சி:
சேகரன் சார், நீங்கள் என் பதிவின் முதல் வரியோடு நிறுத்திக்கொண்டீர்கள் என்று தெரிகிறது. குட்டிகள் பாலுக்கும் கதகதப்புக்கும் தாயை நோக்கிக் கத்தும் என்றும், பால்குடி மறந்தபின் பூனைகள் தமக்குள் பெரும்பாலும் வால், காது, உடல் வாசனை ஆகியவற்றாலேயே செய்தி சொல்லிக்கொள்ளும் என்றும், வீட்டுப் பூனையோ நாம் அந்தக் குரலுக்கு எழுந்து ஓடுவதைக் கண்டுகொண்டு அதை வளர்ந்த பிறகும் கைவிடாமல் வைத்திருக்கிறது என்றும் விரிவாகவே எழுதியிருந்தேன். உங்கள் வண்டி நிறுத்துமிடத்தில் கேட்பது, கருத்தடை செய்யப்படாத பெட்டைகள் பருவத்தில் எழுப்பும் ஓலமும், கடுவன்கள் சண்டைக்கு முன் ஒன்றையொன்று மிரட்டும் ஊளையும்தான். மில்ட்ரெட் மோல்க் என்பவர் 1944ஆம் ஆண்டிலேயே பூனையின் ஒலிகளைப் 16 வகையாகப் பிரித்து, வாய் மூடியபடி எழுபவை, வாய் திறந்து மெல்ல மூடும்போது எழுபவை, வாயைத் திறந்தே வைத்து அழுத்தத்துடன் எழுப்புபவை என்று மூன்று தொகுதிகளில் அடக்கிவிட்டார். எல்லாக் கத்தலும் ஒரே கத்தல் அல்ல.

செம்பூர் சேகரன்:
மோல்க் அம்மையாருக்கு என் வணக்கங்கள். நேற்று "கத்துவதே இல்லை" என்று எழுதினீர்கள். இன்று "பெரும்பாலும்" என்ற சொல் சத்தமில்லாமல் உள்ளே நுழைந்திருக்கிறது. கத்துகின்றனவா, கத்துவதே இல்லையா? நான் கேட்பது அவ்வளவுதான்.

டோம்பிவிலி ராகவன்:
எதை "மியாவ்" என்று கொள்கிறோம் என்பதை இருவரும் முதலில் முடிவு செய்துகொண்டால் இந்த விவாதம் இத்துடன் தீர்ந்துவிடும். பயனுள்ள செய்தி ஒன்றையும் சொல்கிறேன். கார்னெல் பல்கலைக்கழகத்தில் நிக்கோலஸ் நிகாஸ்ட்ரோ நடத்திய ஆய்வு 2003இல் வெளியானது. பதிவு செய்த பூனைக் குரல்களை மனிதர்களுக்குப் போட்டுக் காட்டி, அவை எந்தச் சூழலில் எழுந்தவை என்று கேட்டபோது, குருட்டாம்போக்கில் சொல்வதைவிடச் சற்றே கூடுதலாகத்தான் அவர்களால் சரியாகச் சொல்ல முடிந்தது. பூனைகளோடு பழகியவர்கள் கொஞ்சம் தேறினார்கள். அதாவது, எல்லாப் பூனைகளுக்கும் பொதுவான அகராதி கிடையாது. ஒவ்வொரு பூனையும் தன் வீட்டாரோடு ஒரு தனி வழக்கத்தை உண்டாக்கிக்கொள்கிறது என்றே இதிலிருந்து நான் புரிந்துகொள்கிறேன்.

செம்பூர் சேகரன்:
கார்னெல் பூனைகள் அமெரிக்கப் பூனைகள். செம்பூர்ப் பூனைகளிடம் யார் ஒலிவாங்கியை நீட்டினார்கள்?

நேருல் நந்தினி:
இந்தப் பெரிய விவாதத்துக்கு நடுவே என் சிறிய தொல்லையையும் கேளுங்கள். எங்கள் பூனை விடியற்காலை நாலரை மணிக்குப் படுக்கையறைக் கதவுக்கு வெளியே நின்று கத்தத் தொடங்கிவிடுகிறது. என் கணவர் எழுந்துபோய்க் கிண்ணத்தை நிரப்பிய பிறகுதான் அடங்குகிறது. நான் என்ன செய்ய வேண்டும்?

மாட்டுங்கா மீனாட்சி:
நந்தினி, உங்கள் கணவரைத்தான் முதலில் பழக்க வேண்டும். விடியற்காலையும் அந்திப் பொழுதும் பூனைகள் இயல்பாகவே சுறுசுறுப்பாக இருக்கும் வேளைகள். அந்த நேரத்தில் கத்தினால் கிண்ணம் நிரம்பும் என்று அது கற்றுக்கொண்டுவிட்டது. படுக்கப் போகும் முன் கயிற்றையோ இறகையோ காட்டி நன்றாக ஓடியாட வைத்து, அதன்பின் அன்றைய கடைசிச் சாப்பாட்டைக் கொடுங்கள். காலையில் நீங்கள் எழுந்த உடனே கிண்ணத்தைத் தொடாமல், உங்கள் வேலைகளைக் கொஞ்சம் முடித்துவிட்டு உணவு வையுங்கள். குறித்த நேரத்தில் தானே திறக்கும் உணவுக் கருவி வாங்கினால் அது உங்களை விட்டுவிட்டு அந்தக் கருவியிடம் போய் முறையிடும். கத்தலுக்கு எழுந்து போவதை நிறுத்தியதும் முதல் சில நாட்கள் கத்தல் கூடத்தான் செய்யும். அந்த நேரத்தில் மனம் இளகி ஒருமுறை எழுந்து போய்விட்டால், இன்னும் நீளமாகக் கத்தினால்தான் பலன் உண்டு என்று நீங்களே அதற்குச் சொல்லிக்கொடுத்தவர் ஆவீர்கள். தண்ணீர் தெளிப்பதும் அதட்டுவதும் வேண்டாம். அச்சத்தால் வேறு தொல்லைகள் முளைக்கும். ஆனால் வழக்கமாக அமைதியாக இருந்த பூனை திடீரென்று கத்தத் தொடங்கியிருந்தால் இவை எதையும் செய்யாமல் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். வயதான பூனையின் இரவு ஓலத்துக்குத் தைராய்டு மிகைச் சுரப்பு, இரத்த அழுத்தம், காது கேளாமை, முதுமை மறதி என்று எத்தனையோ காரணங்கள் இருக்கலாம்.

செம்பூர் சேகரன்:
பட்டினி போட்டுப் பாடம் நடத்தச் சொல்கிறார். ஒரு கிண்ணம் பால் வைத்தால் எந்தப் பூனையும் அடங்கும். கல்லிடைக்குறிச்சியில் என் பாட்டி வீட்டுப் பூனைகள் எல்லாம் பால் குடித்தே வளர்ந்தன.

மாட்டுங்கா மீனாட்சி:
வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் நொதி போதிய அளவில் இருப்பதில்லை, வயிற்றுப்போக்குதான் மிஞ்சும். உணவு நேரத்தை மாற்றுவதற்கும் பட்டினி போடுவதற்கும் வேறுபாடு உண்டு. தாதரின் புறாத் தீனிக் களமான கபூதர்கானா பற்றிய விவாதத்திலும் நீங்கள் இப்படித்தான், புறாக்களுக்குத் தானியம் இறைப்பதை எதிர்த்தவர்கள் எல்லாரையும் கொலைகாரர்கள் என்றீர்கள்.

செம்பூர் சேகரன்:
அந்தப் புறா விவாதத்தில் என் பதிவை நீக்கச் சொல்லி நிர்வாகியிடம் முறையிட்டது யார் என்பதும் எனக்குத் தெரியும். என் பாட்டியின் பூனைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்ததை நீங்கள் பார்த்தீர்களா? பேச்சை மாற்ற வேண்டாம். கத்துவதே இல்லையா?

நேருல் நந்தினி:
புறா என்றதும் நினைவுக்கு வருகிறது. ஜன்னல் கம்பிக்கு வெளியே புறா வந்து உட்கார்ந்தால் எங்கள் பூனை தாடையை நடுக்கிக்கொண்டு "கெக் கெக்" என்று ஒரு விசித்திரமான ஒலி எழுப்புகிறது.

செம்பூர் சேகரன்:
பார்த்தீர்களா! புறாவை அது மனிதன் என்று நினைத்துவிட்டது போலும். மீனாட்சி அம்மையாரின் கொள்கைப்படி வேறு விளக்கம் இருக்க முடியாது.

மாட்டுங்கா மீனாட்சி:
எட்டாத இரையைக் கண்டு பூனைகள் எழுப்பும் ஒலி அது, மியாவ் அல்ல. சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் கேரன் மெக்கோம்ப் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வைப் படியுங்கள். உணவு கேட்கும் சில பூனைகள், அடங்கிய குரலில் "குர்ர்" என்று எழுப்பும் தம் வழக்கமான ஒலிக்குள்ளேயே குழந்தையின் அழுகையை ஒத்த ஓர் உயர்ந்த ஒலியையும் கலந்துவிடுகின்றன. பூனையே வளர்க்காதவர்களுக்கும் அது அவசரமான ஒலியாகக் கேட்டது. மனிதரின் இளகிய இடம் எது என்று பூனைக்கு நன்றாகத் தெரியும். உங்களிடம் அப்படி ஓர் இடம் இருக்கிறதா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

முலுண்ட் முரளி:
மன்னிக்கவும், கொஞ்சம் அவசரம். எங்கள் கடுவன் பூனை காலையிலிருந்து மலசலம் கழிக்கும் தட்டில் போய்ப் போய் உட்கார்ந்து முக்குகிறது, கத்துகிறது, சிறுநீர் ஒரு சொட்டும் வரவில்லை. மலச்சிக்கலாக இருக்குமா?

டோம்பிவிலி ராகவன்:
முரளி, மேலே உள்ள எதையும் படிக்காமல் இப்போதே கிளம்புங்கள். கடுவன் பூனைகளுக்குச் சிறுநீர்க் குழாய் குறுகலானது. அது அடைத்துக்கொண்டால் ஓரிரு நாட்களில் உயிரே போய்விடும். பக்கத்தில் மருத்துவர் இல்லையென்றால் பரேலில் பாய் சகர்பாய் தின்ஷா பெட்டிட் விலங்கு மருத்துவமனை இருக்கிறது. எங்கே போவதாக இருந்தாலும் முதலில் தொலைபேசியில் நிலைமையைச் சொல்லிவிட்டுப் போங்கள்.

செம்பூர் சேகரன்:
உடனே போங்கள், முரளி. ஆனால் மற்றவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பூனை வலியில் கத்துகிறது. யாரிடமும் எதையும் கேட்பதற்காக அன்று. மனிதரிடம் மட்டுமே கத்துகின்றன என்ற கூற்று இங்கேயும் உடைகிறது.

மாட்டுங்கா மீனாட்சி:
ஒருவருடைய பூனை உயிருக்குப் போராடும்போதும் உங்களுக்கு மதிப்பெண் எண்ணத் தோன்றுகிறது. வலியின் ஓலத்தை நான் மியாவ் என்று எங்கே எழுதினேன்?

செம்பூர் சேகரன்:
எது மியாவ், எது மியாவ் அல்ல என்று முடிவு செய்யும் அதிகாரத்தை உங்களுக்கு யார் கொடுத்தார்கள்?

டோம்பிவிலி ராகவன்:
அதைத்தான் நான் தொடக்கத்திலேயே முடிவு செய்யச் சொன்னேன்.

செம்பூர் சேகரன்:
ராகவன், நீங்கள் எந்தப் பக்கம் என்பதை முதலில் சொல்லுங்கள்.

முலுண்ட் முரளி:
அடைப்பேதான். மயக்க மருந்து கொடுத்துக் குழாய் செருகிச் சிறுநீரை வெளியேற்றியிருக்கிறார்கள். சில நாட்கள் அங்கேயே வைத்துப் பார்க்க வேண்டுமாம். ராகவன் சாருக்கு நன்றி. திரும்பி வந்து இந்த உரையாடலைப் படித்தேன். மற்ற இருவருக்கும் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

மாட்டுங்கா மீனாட்சி:
மற்ற இருவர் என்று என்னையும் இவரோடு சேர்ப்பது அநியாயம், முரளி.

செம்பூர் சேகரன்:
பூனை பிழைத்ததில் மகிழ்ச்சி. முரளி, ஒன்றே ஒன்றை மட்டும் தெரிவித்துவிடுங்கள்: காலையில் நீங்கள் அந்த அறைக்குள் போவதற்கு முன்பே அது கத்திக்கொண்டிருந்ததா, இல்லையா?