ஆடிச் சோளகத்தில பனி எங்க? சாம்பல் தூவுற ஆக்களிட்ட ஒரு கேள்வி

கனகராயன்கரை:
போன கிழமை இதிலதான் ஒருத்தர் எழுதியிருந்தார்: "விடியக்காலமை பனி ஈரத்தோட அடுப்புச் சாம்பலைத் தூவுங்கோ, பயிற்றையில அழுக்கணவன் பூச்சி எட்டியும் பாக்காது." கீழ நாற்பது பேர் கும்பிடு போட்டிருக்கினம். எனக்கு ஒண்டுதான் விளங்கேல்லை. இது ஆடி மாசம். இராப்பகலாச் சோளகம் அடிச்சு வேலித்தகரம் படபடக்குது. பனி பிடிக்கிறதெண்டா காத்து அடங்கோணும். இப்ப வன்னியில பனி எங்க? தை மாசத்து வேலையை ஆடியில சொல்லிக்குடுக்கிறியள்.

விசுவமடு ஐயா:
அந்த "ஒருத்தர்" நான்தான். பேரைச் சொல்லி எழுத என்ன பயம் தம்பி? எங்கட ஆச்சி சாம்பலோடதான் பந்தல் பந்தலாப் பயிற்றை ஆய்ஞ்சவ. மருந்துப் போத்தில் என்ன நிறம் எண்டே தெரியாது அவவுக்கு. காலமை அஞ்சரைக்கு எழும்பிப் பாரும், இலை நனைஞ்சிருக்கும். வெயில் ஏறினாப் பிறகு எழும்புற ஆக்களுக்குப் பனி காட்ட ஏலாது.

கனகராயன்கரை:
பாத்தாச்சு ஐயா. பின்னேரம் தண்ணி விட்ட பாத்தியில பூசணி இலையின்ர ஓரப் பல்லுகளில மட்டும் துளி துளியா நிக்குது, இலையின்ர நடு காய்ஞ்சு கிடக்கு. பக்கத்துப் பாத்திக்குத் தண்ணி விடேல்லை, அதில ஒரு பொட்டு ஈரமும் இல்லை. பனியெண்டா பாத்தி பாத்தே பெய்யும்? உது வேர் இழுத்த தண்ணியைச் செடி இரவில ஓரத்தால கசியவிட்டது. பனியெண்டா வெளியில கிடக்கிற வாளியும் தகரமும் சேர்ந்து நனையும்.

வட்டக்கச்சி அன்ரி:
பனியோ தண்ணியோ, கொடியில எறும்பு ஏறுதோ எண்டு ஆராவது பாத்தனீங்களே? அழுக்கணவன் விடுற இனிப்புக்காக எறும்புதான் அதுக்குக் காவல் நிக்கும். அழுக்கணவனைத் தின்ன வாற பொறிவண்டையும் அது கலைச்சுப்போடும். எறும்பை மறிக்காமல் எதைத் தூவியும் என்ன?

பரந்தன் பெடியன்:
பூச்சி மொய்ச்ச நுனியைக் கிள்ளிச் சவர்க்காரத் தண்ணியில போட்டா முடிஞ்சுது. இதுக்கு ஒரு பட்டிமன்றம்.

விசுவமடு ஐயா:
பனியோ, கசிவோ, கிணத்துத் தண்ணியோ, இலை ஈரமாயிருந்தாச் சாம்பல் ஒட்டும். ஒட்டினாப் பூச்சி சாகும். இவ்வளவுதான் விஷயம்.

கனகராயன்கரை:
நல்லது, இப்ப "கிணத்துத் தண்ணி" ஆகியிட்டுது. எழுதினது "பனி ஈரத்தோட" எண்டு. நாற்பது பேர் நம்பினதும் அதைத்தான். காய்ஞ்ச இலையில தூவினாச் சாம்பல் காத்தோட பக்கத்து வளவுக்குப் போயிடும், அங்க வேணுமெண்டா பூச்சி சாகும்.

அப்பிடி ஒட்டினாலும் கோடையில அது உபத்திரவம். தூசி படிஞ்ச இலையிலதான் சிற்றுண்ணி நல்லாப் பெருகும். றோட்டுக்கரைக் கத்தரியைப் பாருங்கோ: மேல புழுதி, இலை புள்ளி புள்ளியா வெளிறியிருக்கும், திருப்பினாக் கீழ மெல்லிய வலை. வெக்கையும் தூசியும் அதுக்கு விருந்து. நீங்கள் மினக்கெட்டு எழும்பித் தூசியை அள்ளிக் கொட்டுறியள். சிற்றுண்ணிக்குச் செய்யவேண்டியது இலையின்ர கீழ்ப்பக்கத்தைத் தண்ணியால அடிச்சுக் கழுவுறது.

வேப்பம் பழம் இப்ப சும்மா கொட்டிக்கிடக்கு. நல்லாக் காய்ஞ்ச விதையின்ர பருப்பு 50 கிராம் இடிச்சு ஒரு லீற்றர் தண்ணியில இரவு ஊறவிட்டு, வடிச்சு, கொஞ்சம் சவர்க்காரம் கரைச்சுப் பொழுதுபடேக்க அடியுங்கோ. வெயிலில அடிச்சா அதின்ர வேகம் போயிடும். இதுக்குப் பனி தேவையில்லை.

மாங்குளத்து மொன்றியல்:
ஐயா சொல்லுறது சரி. இஞ்ச சமரில என்ர தக்காளிச் செடி ஒவ்வொரு காலமையும் தொப்பலா நனைஞ்சிருக்கும்.

கனகராயன்கரை:
அண்ணை, மொன்றியல் காத்தை வச்சு மாங்குளத்துக்குத் தீர்ப்புச் சொல்லாதேங்கோ. உங்கட மாங்குளக் காணியில இப்ப ஈச்சம்பத்தை நிக்குது. அதில பனி பிடிக்குதோ எண்டு வந்து பாருங்கோ.

மாங்குளத்து மொன்றியல்:
என்ர காணியைப் பற்றிக் கதைக்க நீர் ஆர்? அதில மாடு விடுறது ஆரெண்டும் எனக்குத் தெரியும்.

விசுவமடு ஐயா:
வேப்பங்கொட்டை இடிக்கச் சொல்லுறவர் பயிருக்கு ஒரு வருத்தம் எண்டா முதல் ஓடுறது மருந்துக்கடைக்கு. 2021இல உரத்தையும் மருந்தையும் மே மாசம் தடை செய்து நவம்பரில திருப்பி விட்டாங்களே, அப்ப கடைவாசலில நிண்டு கத்தினது ஆர்? நான் அப்பவும் சாம்பல்தான்.

கனகராயன்கரை:
வீட்டுப் பின்பக்கத்து நாலு பாத்தியையும் வயலையும் ஒண்டாக் குழைக்காதேங்கோ. வயலுக்குச் சாம்பல் காணுமெண்டா இரணைமடுத் தண்ணி பாயிற வயலெல்லாத்துக்கும் நீங்களே அள்ளிக் குடுத்திருக்கலாமே. பப்பாசியில வெள்ளையா அப்புற பூச்சி 2008இல நாட்டுக்குள்ள வந்தது. அதை அடக்கினது வெளியில இருந்து கொண்டுவந்து விட்ட சின்னக் குளவி, உங்கட சாம்பலில்லை.

விசுவமடு ஐயா:
2008இல நாங்கள் பப்பாசி பாத்துக்கொண்டோ இருந்தனாங்கள்? எந்தக் கதையை எதுக்குள்ள கொண்டுவாறதெண்டு ஒரு அளவு இருக்கு.

கனகராயன்கரை:
பூச்சி வந்த வருஷத்தைச் சொன்னன். நீங்கள் அதைப் பிடிச்சுக்கொண்டு பனியை விட்டுட்டு ஓடுறியள். ஆடியில பனி எங்க?

வட்டக்கச்சி அன்ரி:
எறும்பைப் பற்றி நான் கேட்டது ஒருத்தற்ர கண்ணிலயும் படேல்லைப்போல.

பரந்தன் பெடியன்:
அண்ணை, பின்னேரம் அடி எண்டு சொல்லுறியள் சரி. எங்கட ஸ்பிறேயரைப் போன மாரியில கொண்டுபோனனீங்கள், எப்ப வரும்? அப்பா கேக்கிறார்.

கனகராயன்கரை:
அது நொசில் அடைச்சுத்தான் வந்தது. உங்கட வீட்டில ஒருநாளும் கழுவி வச்சதில்லை. திருத்திப்போட்டுத் தருவன். இதுக்குள்ள ஏன் உதை இழுக்கிறீர்?

பரந்தன் பெடியன்:
கொண்டுபோகேக்க நல்லாத்தான் அடிச்சது. நீங்கள் வேப்பங்கரைசலை வடிக்காமல் ஊத்தியிருப்பியள்.

விசுவமடு ஐயா:
ஹா ஹா. வடிக்கத் தெரியாத ஆள் எனக்குப் பாடம் எடுக்கிறார்! நாளைக் காலமை படம் போடுறன், பனியைக் கண்ணாலயே பாரும்.

கனகராயன்கரை:
போடுங்கோ. பக்கத்தில வாளியையும் வேலித்தகரத்தையும் வச்சு எடுங்கோ. கையால தண்ணி தெளிச்ச இலையைக் கிட்டப் பிடிச்சு எடுத்தா ஒத்துக்கொள்ளமாட்டன்.

விசுவமடு ஐயா:
என்னைக் கள்ளனெண்டு சொல்லுறீரோ? அதுசரி, தகரம் நனைஞ்சாத்தான் பனி எண்டு உமக்கு ஆர் சொன்னது?