படைகளில் பணிபுரியும் சாப்ளின்: ‘சமயத்துணையாளர்’ பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

படைவீரர்களின் சமயத் தேவைகளைக் கவனிப்பவரை ஆங்கிலத்தில் ‘சாப்ளின்’ (chaplain) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடியதில் இதுவரை ‘படைக்குரு’, ‘இராணுவப் பூசாரி’, ‘போர்ப் பாதிரியார்’ என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றிலும் எனக்கு உடன்பாடில்லை. ஒலிபெயர்த்து அப்படியே வைத்துக்கொள்வதும் சரிவராது. படிப்பவருக்கு நடிகர் சாப்ளின்தான் நினைவுக்கு வருவார்.

முதலில் அவர் வேலை என்ன என்று பார்ப்போம். இந்தியத் தரைப்படையில் இவர் நாயப் சுபேதார் (இளநிலை அதிகாரிகளில் முதல் படி) தகுதியில் சேர்கிறார். பண்டிட், சீக்கியக் கிரந்தி, மௌலவி, பாதிரியார், புத்த பிக்கு என்று வீரர்களின் சமயத்துக்கேற்ப ஆள் எடுக்கிறார்கள். பூசை, தொழுகை நடத்துவதோடு வேலை முடிவதில்லை. இறந்த வீரருக்கு இறுதிச் சடங்கு செய்ய வேண்டும், மருத்துவமனையில் கிடப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து பிரார்த்தனை சொல்ல வேண்டும், தண்டனை பெற்று அடைபட்டிருப்பவரைப் போய்ப் பார்த்துப் பேச வேண்டும். இவ்வளவும் ‘பூசாரி’க்குள் அடங்காது. ‘குரு’ என்றால் எல்லோருக்கும் மேலே உட்கார்ந்துவிடுகிறார்; இவரோ தன் அதிகாரிக்கு சல்யூட் அடிக்கிறவர்.

இன்னொன்று, நமக்கு வேண்டியது எல்லாச் சமயத்துக்கும் பொதுவான ஒரே சொல். 1949 ஜெனீவா உடன்படிக்கை மருத்துவப் பணியாளருக்குத் தரும் பாதுகாப்பை இவருக்கும் தருகிறது. எதிரியிடம் சிக்கினாலும் இவர் போர்க் கைதி ஆகமாட்டார். அதை மொழிபெயர்க்கும்போது ‘பாதிரியார்’ என்று எழுதினால் மௌலவி வெளியே நிற்பார்.

என் பரிந்துரை: படைச் சமயத்துணையாளர். இலங்கைத் தமிழில் ‘உளவளத்துணையாளர்’ (மன ஆலோசனை தருபவர்) ஏற்கெனவே நன்றாகப் புழங்குகிறது, அதே அச்சுதான். தக்க சமயத்தில் துணைக்கு வருபவர் என்ற பொருளும் கூடவே கிடைக்கிறது. நெதர்லாந்துப் படையில் எந்தச் சமயத்தையும் சாராத மனிதநேயர்களும் இதே பணியில் இருக்கிறார்கள். அவர்களுக்கு மட்டும் ‘படை மனத்துணையாளர்’ என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம், ‘ரிலிஜியஸ் பரேடு’க்கு ஒருவர் தந்த ‘சமய ஊர்வலம்’ கட்டாயம் வேண்டாம். தேர் பின்னால் போவது போல ஆகிவிடும். வீரர்கள் ஆணைப்படி அணியாகக் கூடி வழிபாட்டில் நிற்பதுதான் அது. அதிகாரி தன் சமயம் எதுவானாலும் தன் வீரர்களின் வழிபாட்டில் சேர்ந்து நிற்பது இந்தியப் படையில் மரபு. சீக்கிய வீரர்களை நடத்திய ஒரு கிறித்தவ லெப்டினன்ட், ‘வளாகம் வரை வருவேன், கருவறைக்குள் வர என் நம்பிக்கை இடம் தராது’ என்று நின்றதால் பதவி நீக்கப்பட்டார். தில்லி உயர் நீதிமன்றமும் பிறகு உச்ச நீதிமன்றமும் 2025-இல் அந்த நீக்கத்தை ஏற்றுக்கொண்டன. அப்படிச் சேர்ந்து நிற்பது வழிபாடா, கடமையா என்பதுதான் அந்த வழக்கின் உயிர்நாடி. எனக்கு அந்த அதிகாரியின் மனச்சான்று மேல் மதிப்பு உண்டு. வீரர்கள் தங்கள் தலைவன் அருகில் நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் புரிகிறது. நம் சொல் இரண்டில் ஒன்றை விழுங்கிவிடக் கூடாது. அதனால் ‘வழிபாட்டு அணிகூடல்’ என்கிறேன். ‘அணி’யில் ஆணை இருக்கிறது, ‘வழிபாட்டில்’ நம்பிக்கை இருக்கிறது.

‘சர்வ தர்ம ஸ்தல்’ சிக்கலே இல்லை. ‘அனைத்துச் சமய வழிபாட்டிடம்’ போதும்.

படையில் பணியாற்றிய ஐயாக்கள், அம்மாக்கள் யாராவது இதைப் படித்தால், ‘மந்திர் பரேடு’க்கும் (கோயிலில் நடக்கும் அணிகூடல்) ‘பண்டிட்ஜி’க்கும் தமிழ் வீரர்கள் தங்களுக்குள் என்ன சொல்வார்கள் என்று எழுதுங்கள். அது என் சொல்லைவிட நன்றாக இருந்தால் அதையே எடுத்துக்கொள்வோம்.