வீட்டுக்கு ஒரு ஏக்கர் போதுமா? செப்டிக் டேங்கும் நைட்ரேட் கணக்கும்

கணக்குப்பிள்ளை:
கிராமப்புற மனைப் பிரிவில் வீட்டுக்கு ஒரு ஏக்கர் இருந்தால் செப்டிக் டேங்கால் நிலத்தடி நீர் கெடாது என்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன், போதாது. ஒருவர் ஆண்டுக்குச் சுமார் நாலரை கிலோ நைட்ரஜன் கழிக்கிறார். நாலு பேருக்கு 18 கிலோ. தொட்டியில் தங்குவது போக 16 கிலோ மண்ணில் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். மழையில் 200 மில்லிமீட்டர் ஊறினால் ஏக்கருக்கு 810 கன மீட்டர், கழிவுநீர் 220. வகுத்தால் லிட்டருக்கு 15.5 மில்லிகிராம் நைட்ரஜன். குடிநீருக்குப் பரவலாக வைக்கும் வரம்பு 10. இரண்டு ஏக்கராக்கினால் 8.7.

கிணற்றடி:
வகுத்தது சரி. ஆனால் ஏக்கர் முழுவதையும் ஒரே வாளியில் ஊற்றிவிட்டீர்கள். நிலத்தடி நீரை யாரும் அகப்பை போட்டுக் கலக்குவதில்லை. தொட்டியில் அம்மோனியமாக இருப்பது காற்றோட்டமுள்ள மண்ணில் இறங்கும்போது நைட்ரேட் ஆகிறது. களிமண்கூட அதைப் பிடித்துவைக்காது. நீரோட்டத்தின் திசையில் ஒடுங்கிய பட்டையாகப் போகும். மணற்பாங்கான நிலத்தில் நூறு மீட்டர் தாண்டியும் கலையாமல் போகலாம். கிணறு அந்தப் பட்டைக்குள் இருந்தால் உங்கள் இரண்டு ஏக்கர் காப்பாற்றாது.

கணக்குப்பிள்ளை:
நான் ஒரு கிணற்றுக்கு ஜோசியம் சொல்லவில்லை. ஐம்பது வீடு வந்தபின் கீழே இருக்கும் ஓடைக்கு எவ்வளவு போகும் என்பதுதான் என் கேள்வி. அதற்குச் சராசரியே போதும். நைட்ரேட்டை வாயுவாக்கும் நுண்ணுயிர்களின் பெயரில் 25 சதவீதத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கணக்கிலிருந்து கழிப்பவர்களும் உண்டு. அவற்றுக்குக் கரிமப்பொருளும் காற்றில்லாத ஈரமண்ணும் வேண்டும். வறண்ட மணலில் அதை எதிர்பார்க்க முடியாது என்பதால் நான் கழிக்கவில்லை.

வயற்காரன்:
தொட்டியை விடுங்கள், எல்லாம் யூரியாவின் வேலை. என் கிணற்றில் 38 வந்தது. 50 வரை குடிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறதே!

கிணற்றடி:
யூரியாவா தொட்டியா என்று வாதாடுவதைவிட, தண்ணீரில் செயற்கை இனிப்பூட்டி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வயலுக்கு யாரும் டயட் குளிர்பானம் பாய்ச்சுவதில்லை. அது இருக்கட்டும், ரிப்போர்ட்டில் 38க்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது?

வயற்காரன்:
"நைட்ரேட்-நைட்ரஜன், லிட்டருக்கு மில்லிகிராம்."

கிணற்றடி:
ஐயா, அந்த 50 என்பது நைட்ரேட்டாக அளந்தால். உங்கள் எண் நைட்ரஜன் மட்டும். 4.43 ஆல் பெருக்குங்கள், 168 வரும். தொட்டி எங்கே இருக்கிறது?

வயற்காரன்:
கிணற்றுக்கு மேட்டுப்பக்கம். நாற்பது அடி இருக்கும்.

கணக்குப்பிள்ளை:
என் சராசரி இதைக் காட்டியிருக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஓடை விஷயத்தில் என் வாதம் அப்படியே நிற்கிறது. அதற்கு முன், வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அந்தத் தண்ணீரில் பால்மாவு கரைக்க வேண்டாம். கொதிக்கவைத்தாலும் நைட்ரேட் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அளவு ஏறும்.