விடியற்காலையில் மட்டும் காற்றுத் தூசி சென்சார் இரண்டு மடங்கு காட்டுகிறது, ஏன்?

பால்கனிவாசி: வேளச்சேரி, 3-வது மாடி. தூசிக்கு பிளான்டவர் பி.எம்.எஸ். 5003 சென்சார், அதை இயக்க இ.எஸ்.பி. 32 சிறு கணினிப் பலகை, ஈரப்பதத்துக்கு பி.எம்.இ. 280. காலை 6 மணிக்கு பி.எம். 2.5 (2.5 மைக்ரானுக்குட்பட்ட நுண்தூசி) அளவு 110, ஈரப்பதம் 92%. அதே நேரம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வேளச்சேரி நிலையத்தில் 48. மதியம் 2 மணிக்கு எனக்கு 28, நிலையத்தில் 26, ஈரப்பதம் 60%. சென்சார் போச்சா?

தூசிதட்டி: ஒப்பிடுவது ஒரு கனமீட்டர் காற்றில் உள்ள மைக்ரோகிராமா, ஏ.கியூ.ஐ. எனும் காற்றுத் தரக் குறியீடா? 45 மைக்ரோகிராம் நம்மூர்க் கணக்கில் 75, அமெரிக்கக் கணக்கில் 124. அதோடு வாரியத்தின் ஏ.கியூ.ஐ. 24 மணி நேர சராசரி.

பால்கனிவாசி: இரண்டுமே மைக்ரோகிராம், ஒரு மணி நேர சராசரி.

லேசர்மணி: அப்போ இரண்டு கோளாறு சேர்ந்திருக்கு. மதியம் ஒத்துப்போவதை நம்ப வேண்டாம், அது சும்மா பொருந்துவது.

முதலாவது உங்கள் புரோகிராமில். 5003 அனுப்பும் தரவில் பி.எம். 2.5 இரண்டு இடத்தில் வரும்: 2-வது எண் சி.எஃப். 1 எனப்படும் தொழிற்சாலைச் சூழலுக்கானது, 5-வது எண் வெளிக்காற்றுக்கானது. ஏறக்குறைய 30 வரை இரண்டும் ஒன்றே. அதற்கு மேல் சி.எஃப். 1 ஏறி, கடைசியில் ஒன்றரை மடங்காகும். நீங்கள் 2-வதை எடுத்தால், 110 என்பது 5-வதில் 73-ஐ ஒட்டி வரும்.

மிச்சம் ஈரம். சென்சார் தூசியை எடை போடுவதில்லை. லேசர் ஒளி சிதறுவதை எண்ணி எடையை ஊகிக்கிறது. கடல் உப்பு 75% ஈரப்பதத்தில் நீரை இழுத்துக் கரையும். ஊதிய துளி தூசியாகக் கணக்காகும். நிலையங்களில் உள்ள பீட்டா கதிர்க் கருவி காற்றைச் சூடாக்கி உலர்த்திய பிறகே அளக்கும்.

தூசிதட்டி: அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பான இ.பி.ஏ.வின் திருத்தம் போட்டால் போதுமே? 0.524 × சி.எஃப். 1 − 0.0862 × ஈரப்பதம் + 5.75.

லேசர்மணி: காலைக்கு 55 வரும், பரவாயில்லை. மதியத்துக்குப் போட்டுப் பாருங்க: 15 தான், நிலையத்தில் 26. அது அங்குள்ள காற்றுக்குப் பொருத்திய சூத்திரம். ஒரு மாத மணிவாரித் தரவை நிலையத்தோடு வைத்து, ஈரப்பதத்தையும் சேர்த்து நீங்களே நேர்கோட்டுச் சூத்திரம் ஒன்றைப் பொருத்துங்க. பி.எம்.இ.யை இ.எஸ்.பி. பக்கத்தில் வைக்காதீங்க, அந்தச் சூட்டில் ஈரப்பதம் குறைவாகக் காட்டும், திருத்தமும் கெடும். கொசுவத்தி, சமையல் புகை வந்த மணிகளை நீக்கிடுங்க.

பால்கனிவாசி: புரோகிராமில் 2-வதுதான் இருந்தது, 5-க்கு மாத்திட்டேன். பி.எம். 10-க்கும் (10 மைக்ரான் வரையுள்ள தூசி) இதே வழியா?

லேசர்மணி: மாத்தினதைப் பொருத்தும்போது நினைவில் வையுங்க, இ.பி.ஏ. சூத்திரத்துக்கு 2-வது எண்தான் வேணும். பி.எம். 10-ஐ விட்டுடுங்க, பெருந்தூசியை 5003 சரியா பிடிக்காது, எந்தத் திருத்தமும் அதைக் காப்பாத்தாது.