அத்தி இலையெல்லாம் முடிச்சு முடிச்சாக வீங்குகிறது

திருமங்கலத்துக்குத் தெற்கே, கரிசல் காட்டில், 2022 ஆடியில் வைத்த நாட்டு அத்தி. இப்போது ஏழடி உயரம். இரண்டு வருடமாகத் துளிர் விடும்போதெல்லாம் இலையின் மேலும் அடியிலும் பட்டாணி அளவில் பச்சை முடிச்சுகள் கிளம்புகின்றன. பிளந்து பார்த்தால் உள்ளே பொடிப்பொடியாக மஞ்சள் குஞ்சுகள். நாள் ஆக ஆக முடிச்சு சிவந்து வெடிக்கிறது, இலை சுருண்டு உதிர்கிறது. பத்தடி தள்ளி நிற்கும் அரச மரத்துக்கும் இச்சி மரத்துக்கும் ஒன்றுமே இல்லை, அதுதான் எரிச்சல்.

வாரம் ஒருமுறை ஆழ்குழாய்த் தண்ணீர், கொஞ்சம் உப்புதான். மழையில் நான்கு நாள் அடியில் தண்ணீர் நின்றதும் உண்டு. ஆற்றங்கரை மரம் அதற்கெல்லாம் அசையாது என்று விட்டுவிட்டேன்.

வீங்கிய இலைகளைப் பறித்து எரித்தேன். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து மூன்று முறை அடித்தேன். அப்புறம் இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய்க் கரைசல். முடிச்சுக்குள் இருக்கும் பூச்சிக்கு எதுவும் எட்டவில்லை. மருந்துக் கடையில் வேரில் ஊற்றும் மருந்தைக் கொடுத்தார்கள், வாங்காமல் வந்துவிட்டேன். நாளைக்குக் காய்த்தால் குயிலும் அணிலும் தின்னும், காய்க்குள் போய் மகரந்தம் சேர்க்கும் குளவியும் வேண்டும்.

இதே முடிச்சை அத்தியில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்: அடுத்த துளிருக்கு முன் கிளைகளைக் கவாத்து செய்தால் குறையுமா, இல்லை மரம் பெரிதானால் தானாகத் தாங்கிக்கொள்ளுமா?